அதிரசக் கள்வனின் கடவாய்ப் பல்

பூவலங்குறிச்சிக் கோயில் மண்டபத்தில் வடக்கு வரிசை ஒன்பதாம் தூணிலிருந்து ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒருவன் இறங்கினான். இறங்கி, கால் மரத்துப் போனவன் நடக்கிற மாதிரி நடந்து, கொடிமரத்தைச் சுற்றி, தேர்க் கொட்டகையைத் தாண்டி, கீழரத வீதியில் வளையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இருக்கிற பல் ஆஸ்பத்திரிக்குப் போய், எட்டாம் நம்பர் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஏழாம் நம்பர்க்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

டோக்கன் கொடுத்தது முப்பிடாதி. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவது, பஞ்சு உருட்டுவது, பயந்து ஓடுகிறவர்களை வாசலில் மறிப்பது எல்லாம் அவள்தான்.

"பேரு?"

"கூத்தன்."

"வயசு?"

"கல்லா நின்னதயும் சேக்கணுமா?"

முப்பிடாதி தலையைத் தூக்கிப் பார்த்தாள். வலது கன்னம் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்த அந்த முகத்தைப் பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரியும். பூவலங்குறிச்சியில் எல்லோருக்கும் தெரியும்.

"சேக்காமச் சொல்லுங்க."

"முப்பத்தாறு."

"சுகர், பிரஷர் உண்டா?"

"அதெல்லாம் எங்க காலத்துல கெடயாது" என்றான். மண்டபத்தில் நின்று ஊர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவன் பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருந்தது.

உள்ளே டாக்டர் ஹெப்சிபா கையுறையை மாட்டிக்கொண்டு, வாயைத் திறக்கச் சொன்னாள். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாக இந்த ஊரில் பல் பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அடுத்த ஊர் வேதக் கோயிலுக்கு ஜெபத்துக்குப் போய் வருவாள். மற்ற ஆறு நாளும் கீழரத வீதியில் இருப்பாள். வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களோடு யாரும் வாதம் பண்ண முடியாது என்பதால், இந்தப் பதினோரு வருஷத்தில் அவள் ஊரில் ஒருவரோடும் எதைப் பற்றியும் வாதம் பண்ணியதில்லை; அதனாலேயே எல்லாக் கட்சிக்காரர்களும் அவளைத் தங்கள் கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கன்னத்தை ஸ்பிரிட்டால் துடைத்தபோது பஞ்சு கரியானது. விளக்குப் புகை, எண்ணெய், கற்பூரம், யார் யாரோ தடவிய திருநீறு, எல்லாம் அடுக்கடுக்காக வந்தது. வலது கீழ்க் கடவாயில் ஒரு பல் சொத்தை. எக்ஸ்ரே எடுத்தாள். தாடை எலும்பு முழுக்கக் கருங்கல்லில் தெரிகிற மாதிரி பொடிப் பொடி மினுக்கம் இருந்தது. அந்தப் பல்லின் வேரடியில் சுண்டைக்காய் அளவுக்குச் சீழ்க்கட்டி இருந்தது. மினுக்கத்தைப் பற்றி அவளுக்குப் படிப்பில் சொல்லிக் கொடுக்கவில்லை. சீழ்க்கட்டியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"எத்தனை நாளா வலி?"

கூத்தன் விரல் விட்டு எண்ணினான். "புலவரு வாரதுக்கு முந்தி ஒரு எரநூறு வருசம். அதுக்குப் பெறவு நானூறு."

"வலிக்கு எதுவும் வச்சீங்களா?"

"நான் வைக்கல. ஊருதான் குத்து வச்சுச்சு."

இது ஏன் என்று தெரிய வேண்டுமானால் பூவலங்குறிச்சித் தலபுராணத்தைத் தெரிந்திருக்க வேண்டும். அது அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டு. அதில் முப்பத்தேழாவது படலம் 'அதிரசக் கள்வன் கல்லான படலம்'. ஆதியிலே ஓர் ஆடி மாதத்தில் கயற்கண் நங்கை அம்மனுக்கு ஆயிரத்தெட்டு அதிரசம் சுட்டு அடுக்கினார்களாம், எண்ணிப் பார்த்தால் ஆயிரத்தேழு, திருடியவன் மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றானாம், அம்மன் பார்த்துவிட்டாளாம்.

கன்னத்தில் அதிரசம் கரந்த கள்வனைக்
கல்லெனச் சபித்தனள் கயற்கண் நங்கையே

என்று பாட்டு முடியும். பாட்டு பாடப்பட்ட நாளிலிருந்து ஊரில் ஒரு பழக்கம். பொருளைத் தொலைத்தவர்கள் ஒன்பதாம் தூணுக்குப் போய்க் கள்வன் கன்னத்தில் ஒரு குத்து விட்டால் பொருள் கிடைத்துவிடும். கொலுசு தொலைத்தவள் குத்தினாள், ஆட்டுக்குட்டி தொலைத்தவன் குத்தினான், ரேஷன் கார்டு தொலைத்தவன், பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் தொலைத்தவன், கட்டின வேட்டியைக் குளக்கரையில் தொலைத்தவன், எல்லாரும் வந்து வந்து நானூறு வருஷமாக ஒரே கன்னத்தில் ஒரே இடத்தில் குத்தினார்கள்.

"ஒண்ணுகூடத் தப்பல. எல்லாம் அந்தப் பல்லுமேலதான்" என்றான் கூத்தன்.

பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த முப்பிடாதியின் கை நின்றது. "நான் கம்மலத் தொலச்சப்ப மூணு குத்து குத்துனேன் அண்ணாச்சி" என்றாள்.

"தெரியும். மூணாவது கொஞ்சம் கனம். கெடச்சுதா?"

"வாஷிங் மெஷினுக்குள்ள கெடந்துச்சு."

"கெடச்சாச் சரி" என்றான் கூத்தன்.

அவன் திருடன் இல்லையாம். நந்தவனத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவனாம். கன்னத்தில் இருந்தது பல்வலி வீக்கமாம். ஹெப்சிபா ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, சீழ் கொஞ்சம் வற்றட்டும், சனிக்கிழமை பிடுங்கிவிடலாம் என்றாள். அறுநூறு வருஷம் பொறுத்தவனுக்கு ஐந்து நாள் என்ன என்று அவளுக்குத் தோன்றியது; ஆனால் அவன் முகம் விழுந்த விழுகையைப் பார்த்ததும், ஐந்து நாள் ஐந்து நாள்தான் என்று புரிந்தது.

ஊர் கூத்தனை ஏற்றுக்கொண்ட விதம் சொல்லத்தக்கது. யாரும் மயங்கி விழவில்லை. கோயில் ஆபீஸ் மணியம் பெரிய பதிவேட்டை எடுத்துப் பார்த்து, 'கல் உருவம், ஆண், ஒன்று' என்று இருப்பில் காட்டியிருப்பதால், அந்த ஒன்று காலையும் மாலையும் வந்து தான் இருப்பதாகக் கைநாட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூத்தன் வைத்தான். அவன் பெருவிரலில் ரேகைக்குப் பதில் உளி கொத்திய தடம் இருந்தது. மணியம் அதையும் ஒப்புக்கொண்டார். காலித் தூணில் யாரோ ஓர் அட்டையை மாட்டி 'வெளியே சென்றிருக்கிறார்' என்று எழுதிவைத்தார்கள். கீழரத வீதி வீடுகள் முறை வைத்து அவனுக்குக் கஞ்சி கொடுத்தன; இடது பக்கமாகவே குடித்தான். படுக்க இன்னும் பழகாததால் தேர்ச் சக்கரத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்கினான். பொருள் தொலைத்தவர்கள் பழக்க தோஷத்தில் முஷ்டியை மடக்கிக்கொண்டு வந்து, உயிருள்ள கண் இரண்டு தங்களைப் பார்ப்பதைப் பார்த்து, மடக்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணாச்சி" என்று திரும்பினார்கள்.

ஆக, கூத்தன் வந்ததில் ஊருக்குச் சிரமம் இல்லை. சிரமம் வந்தது இரண்டு பேருக்கு.

ஒருவர் சங்கரநயினார். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். தலபுராணத்தின் ஒரே ஓலைச்சுவடியை, செல்லரித்துப் போனதை, இருபத்திரண்டு வருஷம் கண்ணாடி வைத்துப் படித்து அச்சில் ஏற்றியவர். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் கோயிலில் அதற்கு உரை சொல்லுவார். இன்னொருவன் இளஞ்சேரல். பகுத்தறிவு மன்றத்துச் செயலாளர்; ஊரில் மைக் செட் வைத்திருப்பவனும் அவன் ஒருத்தன்தான்; போதாததற்கு வாத்தியாரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. எனவே வெள்ளிக்கிழமைதோறும் அத்தானின் பிரசங்கத்துக்கு மைக் கட்டி, ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மறுப்புச் சொல்வதற்காகவே ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக் கேட்டு, அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டும் அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஊரில் அத்தனையும் தெரிந்த ஆட்கள் அந்த இரண்டு பேர்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே இருவரும் பல் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் கூடிவிட்டார்கள்.

"அத்தான், உங்க புஸ்தகம் பொய்யின்னு சாட்சியே நடந்து வந்துட்டு" என்றான் இளஞ்சேரல்.

"மாப்ளே, தூண்லேருந்து ஒரு மனுசன் எறங்கி வந்திருக்கான். ஒருத்தன் கல்லானாம்னு புராணம் சொல்லுதா இல்லையா? இதுக்கு மேல என்ன சான்று வேணும் உமக்கு?"

"கள்வன்னும் சொல்லுதுல்லா?"

"அதயும் சொல்லுது."

"அவரு இல்லங்காரு."

"எந்தக் கள்ளன்வே ஆமாங்கான்?"

கூத்தன் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். வேகமாகத் திருப்பினால் பல் தெறித்தது.

இந்த வழக்கு வீட்டுக்குள் தீருகிற வழக்கு இல்லை என்பதால், சனிக்கிழமை மூன்று மணிக்குக் கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம் என்று முடிவானது. தலைப்பு: 'பழைய சமய நூல்கள் நம்பிக்கைக்குச் சான்றாகுமா, ஆகாதா?' நடுவராகப் பக்கத்து ஊரில் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்தார்கள். முடிவானதும் அத்தானும் மாப்பிள்ளையும் அபூர்வமாக ஒரே குரலில் டாக்டரிடம் வந்து, தீர்ப்பு வரும்வரை அந்தப் பல்லைத் தொடக் கூடாது, அது ஆதாரம் என்றார்கள்.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு எடுக்கிறதாச் சொல்லியிருக்கேன்" என்றாள் ஹெப்சிபா.

"அஞ்சுக்குள்ள முடிச்சிரலாம் டாக்டரம்மா" என்றார் சங்கரநயினார்.

"எந்தப் பட்டிமன்றம் அஞ்சுக்குள்ள முடிஞ்சிருக்கு?" என்றாள் முப்பிடாதி, பஞ்சைப் பார்த்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை காலை கூத்தன் வந்து வாயைத் திறந்து காட்டினான். வீக்கம் வற்றவில்லை. மாத்திரைகள் கல்லுக்குள் எவ்வளவு தூரம் போயினவோ தெரியவில்லை. அடுத்த டோக்கன்காரர் வரவில்லை என்பதால் ஹெப்சிபா முக்காலியை இழுத்துப் போட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"வலி தாங்கல டாக்டரம்மா. கிராம்பு வச்சுப் பாத்தாச்சு, கண்டங்கத்திரிப் புகை பிடிச்சுப் பாத்தாச்சு. அந்தத் தூண்ல போய்ச் சாஞ்சேன். எதுத்தாப்ல அம்மன் நடை தொறந்திருந்துச்சு. 'ஆத்தா, இந்த வலிக்கு நான் கல்லாவே போயிருக்கலாம்'னு சொன்னேன். அவ பாத்தா. கேட்டுட்டா."

"கல்லானா வலிக்காதுன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன். கல்லுக்கும் வலிக்கும்னு அவளுக்கே தெரியாதோ என்னமோ. அவ கல்லுக்குள்ளதான இருக்கா, கேட்டுருக்கலாம்."

"அப்ப அந்தப் பாட்டு?"

கூத்தன் பெருமூச்சு விட்டான். "எரநூறு வருசம் கழிச்சு அந்தப் புலவரு வந்தாரு. எல்லாத் தூணுக்கும் ஒவ்வொரு கத கட்டிக்கிட்டே வந்தாரு. எங்கிட்ட வந்து நின்னு, மடைப்பள்ளிக்காரன்கிட்ட இவன் யாருன்னு கேட்டாரு. 'யாருக்குத் தெரியும், வாயில எதயோ வச்சிருக்கான்'னான் அவன். அவன் கையில அன்னைக்கு அதிரசத் தட்டு. நான் என் காதால கேட்டேன். வாயத் தெறந்து இல்லன்னு சொல்ல முடியல."

ஹெப்சிபா கையுறையைக் கழற்றினாள்.

"உங்க வேதத்துல இப்படிக் கல்லாப் போன ஆளு உண்டா?" என்று கேட்டான் கூத்தன்.

"உப்புத் தூணாப் போன ஒரு பொம்பளை உண்டு."

"அவளுக்கு என்ன வலியாம்?"

அவள் சின்ன வயதிலிருந்து ஞாயிறுப் பள்ளியில் நூறு தடவை கேட்ட கதை அது. அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்டு அவள் கேட்டதில்லை. "எழுதல" என்றாள்.

சனிக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி, நிரம்பியது வழிந்து, வழிந்தவர்கள் ஜன்னல் கம்பிகளில் தொங்கினார்கள். மேடை நடுவில் ஆனி மாதக் கல்யாணத்துக்கு வந்து திரும்பிப் போகாத மாப்பிள்ளை நாற்காலி ஒன்றில் நடுவர் இருந்தார். வலப்பக்கம் சங்கரநயினார், இடப்பக்கம் இளஞ்சேரல், மைக்கும் அவனுடையது. கூத்தனைச் சான்றுப் பொருள் என்று மேடை ஓரத்தில் முக்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஹெப்சிபா எக்ஸ்ரே படத்தோடு முதல் வரிசையில் இருந்தாள். முப்பிடாதி ஒரு பையோடு அவள் பக்கத்தில் இருந்தாள். பையில் என்ன இருக்கிறது என்று ஹெப்சிபா கேட்கவில்லை.

முதல் அரைமணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. நூல் இல்லையேல் நேற்று இல்லை, நம் கொள்ளுத்தாத்தனுக்குக் கொள்ளுத்தாத்தன் இருந்தான் என்பதற்கு நீ இருப்பதைத் தவிர என்ன சான்று என்று வாத்தியார் கேட்டார்; கைதட்டினார்கள். எழுதியிருப்பது எல்லாம் நடந்திருந்தால், ஊர்க் குட்டிச்சுவரில் எழுதியிருப்பதெல்லாமும் நடந்திருக்குமே என்று இளஞ்சேரல் கேட்டான். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பிறகு பேச்சு கூத்தனிடம் வந்தது. வந்ததும் கோணியது.

"இந்தா இருக்காரு கூத்தன்" என்றான் இளஞ்சேரல். "அறுநூறு வருசம் தூண்ல நின்னவரு. கண்ணால பாத்தவரு. இவரு சொல்லுதாரு, நான் அதிரசம் எடுக்கலன்னு. நேர்ல பாத்த சாட்சி பெருசா, எவனோ பின்னால வந்து கட்டுன பாட்டு பெருசா?"

சங்கரநயினார் எழுந்தார். புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிற ஒன்றைத் தவிர அந்த நேரம் அவர் மனசில் வேறொன்றும் இல்லை. "இவன் தூண்லேருந்துதான் வந்தாம்ங்கிறதுக்கு என்ன சாட்சி? எவனாவது எறங்குறதப் பாத்தியளா? எங்கயோ கெடந்த ஒருத்தன் எண்ணெயப் பூசிக்கிட்டு வந்து, புராணத்தப் பொய்யாக்கப் பாக்கான். கல்லாவது, மனுசனாவதாவது. புத்தியுள்ளவன் நம்புவானா?"

"கல்லு மனுசனாகும் அத்தான்" என்று இளஞ்சேரல் மேஜையைத் தட்டினான். "அம்மன் பாத்தா ஆகும். இவரே சொல்லுதாரு, அம்மன் பாத்தான்னு."

நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, "ஒரு ஐயம்" என்றார். "சான்றாகும் என்கிற அணியின் தலைவர் அற்புதம் நடக்கவில்லை என்கிறார். ஆகாது என்கிற அணியின் தலைவர் அம்மன் அருளால் நடந்தது என்கிறார். நீங்கள் இருவரும் நாற்காலி மாறி உட்கார விரும்புகிறீர்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாறுவதா வேண்டாமா என்று நிஜமாகவே யோசித்தார்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் கோபம் வந்தது, கோபத்தில் டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

ஹெப்சிபா மேடையேறி, எக்ஸ்ரேயை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். இது பல், இது வேர், இது சீழ் என்றாள்.

"அந்த உருண்டை அதிரசம் இல்லன்னு உறுதியாச் சொல்லுதியளா?" என்றார் வாத்தியார்.

"அதிரசம் எலும்புக்குள்ள போகாது ஐயா."

"அப்ப இந்தப் பல்லு ஆவணம். இதப் பிடுங்கவே கூடாது. இருந்த எடத்துல இருந்தாத்தான் ஆவணம்" என்றான் இளஞ்சேரல்.

"பிடுங்கக் கூடாதுங்கிறதுல எனக்கும் சம்மதம். ஆராய்ச்சிக்கு வேணும்" என்றார் வாத்தியார்.

நடுவர் அப்படியானால் வழக்கைப் புரட்டாசிக்குத் தள்ளி வைக்கலாமா என்றார். கூத்தன் முக்காலியிலிருந்து கையைத் தூக்கினான். சான்றுகள் தாமாகப் பேசுவது மரபில்லை என்று நடுவர் அன்பாகவே சொன்னார்.

கூத்தனுக்குக் கண் கலங்கியிருந்ததை ஹெப்சிபா பார்த்தாள். வீக்கம் கண் இமைவரை ஏறியிருந்தது. நெற்றியில் புறங்கையை வைத்தாள். வெயிலில் கிடந்த பாறை மாதிரிக் கொதித்தது. மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். பதினோரு வருஷமாக யாரோடும் வாதம் பண்ணாத பெண், அப்போதும் வாதம் பண்ணவில்லை.

"ஐயா, எந்திரிங்க. அந்த நாற்காலி வேணும்" என்றாள் நடுவரிடம்.

கல்லூரி முதல்வராக இருந்தவர் எழுந்து நின்றார். மாப்பிள்ளை நாற்காலிக்கு நல்ல சாய்மானம் இருந்தது. முப்பிடாதி பையைத் திறந்தாள். ஊசி, மருந்து, குறடு, பஞ்சு, கிண்ணம், டார்ச் லைட் எல்லாம் இருந்தன.

"ஐயா, நீங்க தலையப் பிடிங்க" என்றாள் ஹெப்சிபா. வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தன் நோயாளிகளைப் பார்ப்பதுபோல் அவர் வாய்க்குள் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு கூத்தனின் தலையைப் பிடித்தார். "இளஞ்சேரலண்ணே, காலப் பிடிங்க." இளஞ்சேரல் பிடித்தான். மைக்கை யாரும் அணைக்கவில்லை.

முதல் ஊசி வளைந்தது. இரண்டாவது வளைந்தது. மூன்றாவது, எங்கோ ஓர் இடத்தில் கல் சதையாகியிருந்த இடம் பார்த்து, இறங்கியது. பிறகு ஹெப்சிபா குறடைப் போட்டாள். போட்டு ஆட்டினாள், ஆட்டி இழுத்தாள், இழுத்தபோது நிலை பெயராத தேரை நாலு ஊர்க்காரர்கள் வடம் பிடிக்கிற சத்தம் ஒலிபெருக்கி வழியாக நாலு ரத வீதிக்கும் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் பஸ்காரர்கள் இஞ்சினை அணைத்தார்கள். கூத்தனின் தலை வாத்தியாரின் கைகளில் கனத்தது. அவன் கண்ணீர் அவர் முழங்கையில் சொட்டியது, சுடுதண்ணீராக இருந்தது. "பொறுத்துக்கிடு, பொறுத்துக்கிடு, முடிஞ்சு போச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது. அதுவும் நாலு வீதிக்கும் கேட்டது.

பல் வந்தது. இரண்டு வேரும் முழுசாக வந்தன.

ஹெப்சிபா அதைக் கிண்ணத்தின் மேல் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சொத்தைக் குழிக்குள், கல்லாகிப் போன பழுப்பு நிறத்தில், எள்ளளவு ஒன்று ஒட்டியிருந்தது. எள்ளளவு என்ன, எள்ளேதான். எள்ளைச் சுற்றிக் கொஞ்சம் வெல்லப்பாகும் அரிசிமாவும். அறுநூறு வருஷத்துக்குப் பிறகும் லேசாக ஏலக்காய் மணத்தது.

அவள் நிமிர்ந்தாள். குனிந்திருந்த சங்கரநயினாரின் மூக்குக்கண்ணாடி அந்தப் பல்லுக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது. அவரும் பார்த்துவிட்டார். செல்லரித்த சுவடியில் எழுத்தெழுத்தாகத் தேடி இருபத்திரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். அந்தக் கண்ணுக்கு இது தப்பாது. மண்டபம் முழுக்கக் காத்திருந்தது. இளஞ்சேரல் கூத்தனின் காலடியில் இருந்தான், அங்கிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைக்கும் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

சங்கரநயினார் தன் கைகளில் இருந்த தலையைப் பார்த்தார். வீங்கின கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை வலியில்லாமல் இதுவரை யாரும் பார்த்ததில்லை. சின்ன வயசில், பம்பரம் தொலைந்த அன்று, அந்தக் கன்னத்தில் தான் எம்பிக் குத்தியதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"டாக்டரம்மா" என்றார். "பல்லக் கழுவிருங்க. ரத்தமா இருக்கு."

ஹெப்சிபா கிண்ணத்துத் தண்ணீரில் பல்லை முக்கி, விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீரை முப்பிடாதி கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள். பல்லை எல்லோருக்கும் காட்டினார்கள். சுத்தமான சொத்தைப் பல். இளஞ்சேரல் கையைத் தட்ட எழுந்தவன், அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டாமல் உட்கார்ந்தான். நடுவர் தீர்ப்புச் சொன்னார் என்றுதான் சொல்கிறார்கள். மைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்ததால் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

அன்று கூத்தன் தேர்க் கொட்டகையில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினான். திங்கள்கிழமை மத்தியானம்தான் எழுந்தான்.

புதன்கிழமை புண்ணைப் பார்க்க வந்தபோது, முப்பிடாதி வெளியே இருக்கிற நேரம் பார்த்து, ஹெப்சிபா மெதுவாகக் கேட்டாள்.

கூத்தன் மறைக்கவில்லை. "ஒண்ணு எடுத்தேன். அன்னைக்கு விடியுமுன்னாலேருந்து எரநூறு சால் தண்ணி எறச்சிருந்தேன் டாக்டரம்மா. ஆயிரத்தெட்டுல ஒண்ணு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?"

"மாட்டாக." கொஞ்சம் யோசித்து, நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னான். "ஆனா அந்தப் பாட்டு தப்புதான். நான் கன்னத்துல வச்சிருக்கல. அப்பவே முழுங்கிட்டேன்."

"அம்மனுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி? தெரிஞ்சுதான் பாத்தா."

கூத்தன் தூணுக்குத் திரும்பவில்லை. நந்தவனத்துக்கு இப்போது மோட்டார் இருந்தது. சுவிட்சைப் போடுவது அவன் வேலை என்று மணியம் எழுதிக்கொண்டார். போட்டுவிட்டு, தண்ணீர் தானாக ஏறி வருவதைப் பார்த்து நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பான். பல்வலிக்காரர்கள் முதலில் காலித் தூணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்புறம் டாக்டரிடம் வர ஆரம்பித்தார்கள். தொட்டதிலேயே பாதி வலி போய்விட்டது என்று சொல்லி, மீதிப் பாதிக்கு வாயைத் திறந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூத்தன் பல் ஆஸ்பத்திரி வாசலில் நின்று முப்பிடாதியோடு பேசிக்கொண்டிருந்தபோது, கோயில் ஒலிபெருக்கியில் சங்கரநயினார் முப்பத்தேழாம் படலத்துக்கு வந்தார். ஹெப்சிபாவும் வெளியே வந்து நின்றாள். வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். புராணத்தின் புதிய பதிப்பு தயாராகிறது என்றார். சுவடியை மறுபடி பார்த்ததில், இந்தப் பாட்டில் மூன்று இடங்கள் செல்லரித்துப் போயிருப்பதால், முன்பு தான் படித்தது பிழையாக இருக்கலாம் என்றும், சரியான பாடம் வேறு என்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் பாடினார்.

கன்னத்தில் அதிர்வலி கரந்த கூத்தனைக்
கல்லென அணைத்தனள் கயற்கண் நங்கையே

சுவடியில் அப்படி இல்லை என்று தெரிந்த ஆள் ஊரில் இன்னும் ஒருத்தன் இருந்தான். அவன் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வீதியில் நின்ற மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஒலிபெருக்கி ஒரு தரம் கரகரத்தது. பிறகு சத்தம் கூடியது. இளஞ்சேரல் குமிழைத் திருகிவிட்டிருந்தான். இரண்டாவது முறை வாத்தியார் பாடியபோது பாட்டு பஸ் ஸ்டாண்டையும் தாண்டிப் போயிற்று.

கூத்தன் தலையைச் சாய்த்து, கடைசிச் சொல்வரை கேட்டான்.

"அணைக்கல்லாம் இல்ல டாக்டரம்மா. பாத்தா. அவ்வளவுதான்" என்றான்.

"ஐயாகிட்டச் சொல்லட்டுமா?"

கூத்தன் நாக்கால் பல் போன இடத்தைத் தடவிக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றான். "அந்த எடத்துல 'பாத்தா'ன்னு வச்சா பாட்டு இடிக்கும்."